குலசேகரத்தில் கடல் இல்லை

நான்காம் பக்கத்தில், மூன்றாம் பத்தியில்
'கடற்கரை நகரமான குலசேகரம்' என்று
எழுதியிருந்தேன்.
எழுதவில்லை. ஒட்டியிருந்தேன்.

என் வீட்டிலிருந்து கடலுக்கு
இரண்டு பஸ்.
மார்த்தாண்டத்தில் இறங்கி
தேங்காய்ப்பட்டணம் வண்டிக்குக் காத்து நிற்க வேண்டும்.
மீன் எங்களுக்கு ஹாரன் அடித்துக்கொண்டு
எம்-எய்ட்டியில் வரும்.
ஜன்னலைத் திறந்தால் ரப்பர்,
ரப்பருக்கு அப்புறமும் ரப்பர்,
அதற்கும் அப்பால் மலை.

ரோஸ்பாய் மேடம் ஒரு வட்டம் போட்டார்.
சிவப்பு மை கூட இல்லை, வெறும் பென்சில்.
"உனக்க ஊருல கடலு எங்க பிள்ளே கிடக்கு?"

வகுப்பு சிரித்தது.
அஜிஷா சிரிக்கவில்லை. பிபினும் சிரிக்கவில்லை.
அவர்கள் தாள்களிலும் அதே கடல், அதே துறைமுகம்,
அதே இடத்தில் விடுபட்ட அதே காற்புள்ளி.
பிபினுடையதில் கூடுதலாக
'முந்தைய அத்தியாயத்தில் கண்டதுபோல' என்று வேறு.
மொத்தமே ஆறு பக்கம். எந்த அத்தியாயம்?

யாரோ ஒருவர், எங்கோ ஒரு மேசையில்,
குலசேகரப்பட்டினத்தையும் எங்கள் ஊரையும்
ஒன்றென்று நினைத்துவிட்டார்.
தவறு அவருடையது.
அடியில் அவர் பெயரைப் போட்டிருந்தால்
அவருடையதாகவே இருந்திருக்கும்.
பெயரை உதிர்த்துவிட்டு எடுத்தேன்;
தவறும் என் பேரில் பட்டாவாகிவிட்டது.

அன்று ராத்திரி
சொற்களை மட்டும் மாற்றிப் பார்த்தேன்.
நகரத்தைப் பட்டணமாக்கினேன்,
முக்கியத்தை இன்றியமையாததாக்கினேன்.
கல்லூரிக் கணினி எழுபத்தொன்று சதவீதம் என்றது
அறுபத்துநாலுக்கு இறங்கியது.
சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன்,
தையலெல்லாம் வெளியே தெரிகிறது.

சனிக்கிழமை அம்மைக்குக் கை வலி.
ரப்பர் ஷீட்டுகளை நான்தான்
ஞானதாஸ் அண்ணன் புகைப்புரைக்குச் சுமந்தேன்.
உள்ளே பதினாறு வீட்டு ஷீட்டுகள்,
ஒரே கம்பில், ஒரே புகையில், ஒரே தேன்நிறத்தில்.
கண் எரிந்தது. மூலைகளைப் பார்த்தேன்.
மூன்று ஆணிக்குத்து என்றால் சேவியர் வீடு.
முனை வெட்டியிருந்தால் சுலோசனா அக்கா.
'ம' என்றால் மரிய ரெத்தினம், எங்கள் அம்மை.
தோட்டம் பாட்டத்துக்கு எடுத்தது.
ரோலர் இரவல்.
புகைக்கு ஷீட்டுக்கு இவ்வளவு என்று கூலி.
எல்லாம் எழுதிய நோட்டு
கதவுக்குப் பின்னால் கயிற்றில் தொங்குகிறது.
அங்கே யாரும் அதை நேர்மை என்று சொல்வதில்லை.
யார் காசு யாருக்குப் போகவேண்டும் என்ற கணக்கு,
அவ்வளவுதான்.

வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்தேன்.
வெள்ளைத் திரையில் கோடு ஒன்று
விட்டுவிட்டு மின்னியது, என்ன என்ன என்று.
முதல் வரிக்கு ஒன்றே கால் மணி நேரம்.
மழையளவை ஓர் அறிக்கையிலிருந்து எடுத்தேன்.
எழுதியவர், ஆண்டு, பக்கம்,
நான் பார்த்த தேதி.
அப்படியே வேண்டியிருந்த ஒரு வாக்கியத்துக்கு
இந்தப் பக்கம் இரண்டு ஆணிக்குத்து,
அந்தப் பக்கம் இரண்டு.
புகைக்கூலி ஞானதாஸ் அண்ணன் சொன்னது;
அவர் பெயரும் அடிக்குறிப்பில் ஏறியது.
ஆறு பக்கம் இரண்டே காலாகச் சுருங்கியது.
நடை அழகில்லை. சில இடத்தில் நொண்டுகிறது.

பிபின் வேறொரு தளத்துக்குப் போனான்.
அவன் குலசேகரத்தில் இப்போது
விமான நிலையம் வரப்போகிறது.

அச்செடுத்த தாள்களை அம்மை வாங்கினாள்,
விரலில் ரப்பர் பால் மணம்.
முதல் வரியை எழுத்துக்கூட்டினாள்:
குலசேகரத்தில் கடல் இல்லை.
"இதுக்கு மட்டும் அடியில ஒண்ணும் போடலியே?"
ஜன்னலைக் காட்டினேன்.
"அப்போ இதெல்லாம் உனக்கதா?"

கொஞ்சம் எனக்க, அம்மை.
மிச்சத்துக்குப் பேரு போட்டிருக்கு.